பின்பக்கத்துச் சுவர்

அவர் ஸ்டியரிங்மேல் மயங்கிச் சாய்ந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் இந்த ஒன்றைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினார்கள். ஓடும்போது ஆகியிருந்தால் என்ன கதி, நினைத்துப் பாருங்கள் என்றார்கள். அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் காலை ஷிப்டை முடித்து, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் மூன்று மாடி ஏறி வந்து கணவன் கட்டிலருகே நின்றபோது, முதலில் அவள் கண்ணில் பட்டது அவர் படுத்திருந்த விரிப்புதான். ஓரத் தையல் பிரிந்திருந்தது. இதை எப்படி மேலே அனுப்பினோம் என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர். துவைத்துப் பிழிந்து வருகிற படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விடுகிற வேலை. இந்தப் பக்கம் இரண்டு பேர் முனையை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டே செய்கிறாள். சாயங்காலமானால் கணுக்கால் எது, கெண்டைக்கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே தூணாகிவிடும்.

சின்ன வலிப்பு என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் போதும். ஆனால் இனி வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வருஷத்துக்குத் தனியாக வெளியே போகக் கூடாது, துணையோடும் பஸ் ஏறித் தூரம் போகக் கூடாது, தனியாக அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. ஐம்பத்து மூன்று வயசில் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னலோரத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவருக்குக் காலும் கையும் பஸ் ஓட்டின. தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டால் வலது கால் தானாக ஒரு அழுத்து அழுத்தும். "மேட்டுல மூணாவது கியர்ல ஏத்துறான் பாரு," என்பார், யாரிடமும் இல்லாமல். மற்ற நேரமெல்லாம் பிடித்து வைத்த பிள்ளையார்தான். அவள் வேலை முடிந்து வந்து சமையல், பாத்திரம், அவருடைய மாத்திரை, அவர் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாத கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். கோபம் வரவில்லை. கோபமும் ஒரு வேலைதானே, அதையும் அவள்தானே இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். வந்த கையோடு அலமாரி உச்சியை ஒழித்தாள். அங்கே அவள் சின்ன வயசில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு வாளி நிறைய இருந்தன. மேலே குமிழ், கீழே குழி, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் கவ்விக்கொள்ளும் பொம்மைச் செங்கல். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் வாளியை வாசலுக்கு எடுத்துப் போனபோது, ஜன்னலோரத்திலிருந்து, "அது இங்க இருக்கட்டும்," என்று குரல் வந்தது. இரண்டு மாதத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு வளைவு நின்றது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த, மேலே கூராக முடிகிற வாசல் வளைவு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"கடைசி ஸ்டாப் சர்ச்சு," என்றார் அவர்.

அவருடைய பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்துக்கு எதிரே பழைய கல் சர்ச் ஒன்று உண்டு. முன்னூறு வருஷம், நானூறு வருஷம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு நடைக்கும் அங்கே ஏழு நிமிஷம் பஸ் நிற்கும். மற்ற டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். இவர் சீட்டை விட்டு எழ மாட்டார். கண்ணாடி வழியாக அந்த முகப்பைப் பார்த்துக்கொண்டே ஏழு நிமிஷமும் உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருஷம், நாளுக்கு ஐந்து நடை. டிப்போவில் அவருக்கு 'ஏழு நிமிஷம்' என்றே பட்டப்பெயர். அவர் மயங்கிச் சாய்ந்ததும் அந்த இடத்தில்தான்.

விஷயம் டிப்போவுக்குப் போனது. பார்க்க வந்தவர்கள் பழம் வாங்கி வருவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பையில் கட்டை கொண்டுவந்தார்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கட்டைகள், அண்ணன் வீட்டுக் கட்டைகள், எவனோ கொடுத்த சக்கரமில்லாத கார்கள். மகள் சாம்பல் நிறக் கட்டைகளாகப் பார்த்து ஒரு பெட்டி அனுப்பினாள். அவர் பழைய வளைவைப் பிரித்துப்போட்டு, மேசைமேல் பலகை விரித்து, அடியிலிருந்து சாம்பலில் தொடங்கினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினார்கள்.

வேலை என்னவோ சுத்தமான வேலை. வாசலுக்கு மேலே வரிசையாகப் பன்னிரண்டு சிலை. ஒற்றைக் குமிழ்க் கட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஐந்தாவதற்கு மட்டும் தலை வைக்கவில்லை. அதற்கு அங்கேயும் தலை இல்லையாம். நடுவில் வட்ட ஜன்னலுக்குப் பொம்மை லாரியின் சக்கரத்தைப் பொருத்தினார். இடது மணிக்கூண்டு வலதைவிட இரண்டு வரிசை குட்டை. அவள் தெரியாத்தனமாக, "ஒண்ணு சின்னதாயிடுச்சே," என்றதற்கு, "கட்டினவனே அப்படித்தான் கட்டியிருக்கான்," என்று பதில் வந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் சர்ச்சைக் கட்டிப் பார் என்று சொல்லாமல் விட்டார்கள். கூட்டும்போது துடைப்பத்தில் கட்டை, படுக்கையில் கட்டை, சலவைக்கூடத்தில் அவள் ஏப்ரன் பையில் கட்டை. வெறுங்காலில் மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். நாத்தனார் ஒரு நாள் வந்து, இந்த வயசில் அண்ணனுக்குப் பொம்மை விளையாட்டா, நீயாவது சொல்லக் கூடாதா என்று நீட்டி முழக்கிவிட்டுப் போனாள். பதில் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறக்க அலுப்பாக இருந்ததால் அப்படியே விழுங்கிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐந்தாம் மாதம் முகப்பு முடிந்தது. இரண்டு பக்கச் சுவரும் பஸ்ஸிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை எழும்பின. அதோடு வேலை நின்றது. நாலு நாள் அவர் மேசையருகே சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"பின்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவளுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. அவர் அந்தச் சர்ச்சைச் சுற்றி வந்ததே இல்லை. உள்ளே போனதும் இல்லை. பஸ் எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். படத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். மகள் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டாளாம். எல்லாரும் எடுத்துப் போட்டிருப்பதும் முகப்பைத்தானாம். துணையோடும் அவர் இப்போது பஸ் ஏற முடியாது. ஐம்பது நிமிஷப் பயணத்துக்கு இன்னும் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். நீ போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் லீவு, அதற்கும் உலை வைக்கிறீர்களா என்று ஒரு பாட்டம் தீர்த்திருப்பாள். அவர் கேட்காததால்தான் போக வேண்டியதாயிற்று.

லீவு நாளில் அவர் குளிக்கும்போது துணைக்குத் தன் தம்பியை வரச் சொல்லிவிட்டு, படம் எடுக்கிற போன் அவளிடம் இல்லாததால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் ஓட்டின அதே நம்பர் பஸ். ஓட்டினவன் புதுசு. கடைசி ஸ்டாப்பில் இறங்கி எதிரே பார்த்தாள். வீட்டு மேசைமேல் இருப்பது அப்படியே பெரிசாக நின்றது. ஐந்தாவது சிலைக்குத் தலை இல்லை. பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

பின்னால் சிலையும் இல்லை, வட்ட ஜன்னலும் இல்லை. ஒரு உயரமான சுவர். பாதி வரைக்கும் முகப்பின் கல். அதற்கு மேலே வேறு கல், கறுப்பாக, கோணல்மாணலாக. இடது மூலையில் சிவப்புச் செங்கல் ஒட்டு. மூன்று ஜன்னல், அதில் ஒன்றைக் கல் வைத்து அடைத்து விட்டிருந்தார்கள். சுவர் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்ததால் இரண்டு பெரிய முட்டுச்சுவர்கள் சாய்ந்து அதைத் தாங்கின. உச்சியிலிருந்து ஒரு விரிசல் நேராக இறங்கி வந்தது. கீழே தொட்டிகள், ஏணி, குப்பைக்கூடை. அவள் நோட்டை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, சருகு பெருக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கிட்டே வந்தாள்.

"யாரையாச்சும் தேடுறீங்களா?"

"இந்தச் சுவரைப் பாக்க வந்தேன்."

"இதையா? முன்னாடி போங்கம்மா. எல்லாரும் அங்கதான் பாப்பாங்க."

"முன்னாடி வீட்ல இருக்கு," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எப்படிப் பட்டிருக்கும் என்று உறைத்தது. பெருக்குகிறவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். வேலைக்காரி வேலைக்காரியிடம் அதிகம் துருவிக் கேட்பதில்லை. இந்தப் பக்கம் ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு தடவை இடிந்து விழுந்ததாம், அப்போது கைக்குக் கிடைத்ததை வைத்து எழுப்பி நிறுத்தினார்களாம் என்று தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

இரண்டு முட்டுச்சுவருக்கும் நடுவே ஒரு கல் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து வரையலாம் என்று போய் உட்கார்ந்தாள். வெயில் இதமாக விழுந்தது. சுவர் முதுகுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று ஜன்னலில் ஒன்றை வரைந்தாள். அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. முற்றம் முழுக்கப் பெருக்கியாகிவிட்டது. அவள் காலைச் சுற்றி மட்டும் சருகு அப்படியே கிடந்தது. எழுப்பக் கூடாது என்று அந்தப் பெண் அவளை ஒதுக்கிவிட்டுப் பெருக்கியிருக்கிறாள். கால் வலி கொஞ்சம் குறைந்திருந்தது. அவசர அவசரமாக மிச்சத்தை வரைந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்த பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டினார். இவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள், தூங்கியதைக் கூட மறைக்காமல் சொன்னாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அசதியில சரியாப் பாத்திருக்க மாட்ட. முன்னாடி அவ்வளவு செஞ்சவன் பின்னாடி இப்படியா விடுவான்?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். நாளைக்கு அறுநூறு விரிப்பு கை வழியாகப் போகிறது. அதில் ஒரு கறை தப்பினது இல்லை, ஒரு கிழிசல் தப்பினது இல்லை. தப்பினது ஒன்றே ஒன்று, அது இவர் கட்டிலுக்குப் போனது.

"பத்தொன்பது வருஷம் அதுக்கு முன்னாடி உக்காந்திருந்தீங்க," என்றாள். சத்தம் போடவில்லை. "ஒரு நாளாவது எறங்கிப் பின்னாடி போய்ப் பாத்தீங்களா? நான் போனேன். என் லீவுல போனேன். பாத்தது இதுதான்."

அவர் நோட்டை மேசைமேல் வைத்தார். அன்றைக்குத் தட்டு மடியிலேயே ஆறியது. மறுநாள் வேலைக்குப் போகும்போது பார்த்தாள்; பழைய விரிப்பு ஒன்றைப் போட்டுச் சர்ச்சை மூடியிருந்தார்.

மூன்று வாரம் அது மூடியே கிடந்தது. வீட்டில் பேச்சு இல்லாமல் இல்லை. மாத்திரை போட்டாச்சா, தண்ணி சூடாயிடுச்சா என்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, அவர் நம்புவதாகவும் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் கூட நிற்கிறவள், முகம் ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறது என்று கேட்டபோது, வீட்டில் கட்டிட வேலை நின்று போச்சு என்று சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்த மாசம் டாக்டரிடம் காட்டுகிற நாள் அவள் லீவு நாளில் வந்தது. தம்பி, "நான் மாமாவைக் கூட்டிட்டுப் போறேன், நீ படு," என்றான். படுத்தாள். தூக்கம் வரவில்லை. எழுந்து போய் விரிப்பை எடுத்து, சலவைக்கூடத்துப் பழக்கத்தில் நாலாக மடித்து வைத்தாள். மேசையைச் சுற்றிப் பின்னால் வந்து நின்றாள். பின்பக்கம் வெறும் திறப்பு. உள்ளே சுவர்களுக்கு முட்டுக்கொடுத்த தூண்கள் வெறுமனே நின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் கட்டையை அழுத்தினாள்.

சுலபமாக இல்லை. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்த விரல்நுனிகளுக்குச் சின்னக் கட்டை பிடிபடவில்லை. இரண்டு தடவை சரிந்து விழுந்தது. சாம்பல் கட்டை பாதியில் தீர்ந்தது. வாளியில் இருந்த கறுப்பை எடுத்தாள், மூலைக்குச் சிவப்பை எடுத்தாள். முட்டுச்சுவர் எப்படிச் சாய்ப்பது என்று தெரியாமல் படிக்கட்டு மாதிரி அடுக்கினாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அவர் எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாரோ தெரியாது.

"ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா அடுக்குற. மாத்தி மாத்தி வெக்கணும். இல்லேன்னா மேலேர்ந்து கீழ வரைக்கும் பிளந்துடும்."

"அங்க பிளந்துதான் இருக்கு," என்றாள் அவள், திரும்பாமல்.

கூட வந்த தம்பி அதிசயமாகப் பார்க்கும்படி அவர் சிரித்தார். மயங்கி விழுந்ததற்கப்புறம் சிரித்த முதல் சிரிப்பு. நாற்காலி இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, அடுத்தது என்ன கலர் சொல்லு," என்றார்.

அதற்கப்புறம் பின்பக்கத்து வேலை அவளுடைய வேலையாகிவிட்டது. லீவு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம். அவர் கட்டையைத் தேடித் தருவார், அவள் வைப்பாள். சில நாள் வைத்துக்கொண்டே கண் சொக்கிவிடும். கையிலிருக்கும் கட்டையை அவர் மெல்ல எடுத்துக் கீழே வைப்பார். அசதி ஒன்றும் குறைந்துவிடவில்லை. உட்கார்ந்து அசந்து போவதற்கும் நின்று அசந்து போவதற்கும் வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான்.

வருஷம் முடிந்து டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்றதும், இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். அவர் முகப்பில் நிற்கவே இல்லை. நேரே சந்துக்குள் நடந்தார். பின்சுவரைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார், விரலை நீட்டி ஜன்னலை எண்ணினார், விரிசலைக் கையால் தொட்டுப் பார்த்தார். நீ சொன்னது சரிதான் என்று சொல்வார் என அவள் கல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"இங்க ஒரு தண்ணிக் குழா இறங்குதே. அதை நீ சொல்லவே இல்லையே," என்றார் அவர்.

ஆமாம், விட்டுப்போச்சு என்றாள். வீட்டுக்கு வந்து, உறிஞ்சுகுழல் ஒன்றை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினார்கள்.

டிப்போவில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற குடை, பை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்து சேர்கிற அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை. சர்ச்சையும் அங்கே கேட்டார்கள். நாலு டிரைவர்கள் பலகையோடு தூக்கிக்கொண்டு போய், ஓய்வறையின் நடுவே ஒரு மேசையில் வைத்தார்கள். சுற்றி வந்து பார்க்கிற மாதிரி இடம் விட்டு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

ஒரு நாள் மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் அவருடைய சாப்பாட்டைக் கொடுக்க டிப்போவுக்குள் நுழைந்தாள். ஓய்வறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அதே ரூட் ஓட்டுகிற ஒருவன் மேசைக்குப் பின்னால் குனிந்து நின்றான். முன்பக்கம் அச்சு அசலாக இருக்கிறது, பின்னால் மட்டும் கட்டை தீர்ந்துபோய்க் கண்டதையும் ஒட்டிவிட்டீர்களா என்று அவரைக் கேட்டான். "அந்தப் பக்கம் என் வேலை இல்லப்பா," என்று அவர் அவளைக் காட்டினார்.

யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவள் சொன்னாள். கறுப்புக் கல் எது வரைக்கும், செங்கல் எங்கே தொடங்குகிறது, எந்த ஜன்னலை அடைத்திருக்கிறார்கள், ஒரு காலத்தில் இடிந்து விழுந்தது, கிடைத்ததை வைத்துத் தூக்கி நிறுத்தியது. அத்தனை பேர் நடுவில் அவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லை. குறுக்கே யாரும் பேசவில்லை. அடுத்த நடையில் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன் என்றான் அந்த டிரைவர். போவானோ மாட்டானோ.

சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்து, ஷிப்டுக்குக் கிளம்பினாள்.